கதவும் கட்டளையும்: மோட்டார்க் காரின் கதவில் இலத்திரனியற் கட்டுப்பாடு தோன்றிய வரலாறு

மோட்டார்க் காரின் வரலாற்றை எழுதியோருட் பெரும்பாலானோர் அதன் எஞ்சினையே வரலாற்று நாயகனாகக் கொண்டனர். சமூக வரலாற்று நோக்குடையோர் ஹென்றி போர்டின் தொழிற்சாலை பற்றியும், அங்கு 1913இல் இயங்கத் தொடங்கிய நகரும் பொருத்து வரிசை பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். கதவு இவ்விரு சாராரது கவனத்துக்கும் தப்பியதொன்றாகும். ஆயின், வண்டியின் உறுப்புக்களுள் மனிதர் நாள்தோறும் தொட்டுப் பழகுவதும், உள்ளே இருப்பவரையும் வெளியே நிற்பவரையும் பிரித்து வைப்பதும், உடைமை என்னும் சமூக உறவைக் கண்ணுக்குப் புலப்பட நிறுத்துவதும் கதவேயாம். அக்கதவு சென்ற நாற்பது ஆண்டுக் காலத்தில் அடைந்த மாற்றம், அதாவது அதன் யன்னலும் பூட்டும் சிறியதொரு கணிப்பொறியின் ஆட்சிக்குட்பட்ட வரலாறு, இக்கட்டுரையின் பொருளாகும். இலக்கிய மாணவராகிய நமக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். சொற்களையும் அவற்றின் பின்னுள்ள அதிகாரத்தையும் ஆராய்வது நமது தொழில். இன்றைய காரின் கதவு சொற்களால் இயங்குகிறது. இவ்வளவும் போதிய நியாயம் என்றே கருதுகிறோம்.

மூலதனத்தின் முதலாம் பாகத்தில் (1867) மார்க்ஸ், வளர்ச்சியுற்ற பொறித்தொகுதி யாவும் மூன்று கூறுகளைக் கொண்டவை என வகுத்துக் காட்டினார்: இயக்கத்தைத் தரும் பொறி, அவ்வியக்கத்தைக் கடத்தும் அமைப்பு, பொருளின்மீது தொழிற்படும் கருவி. கார்க் கதவை இவ்வகுப்பின் துணைகொண்டு நோக்கலாம். கையாற் சுழற்றும் கைபிடி பொருத்திய பழைய கதவில் மனிதரின் கையே இயக்கும் பொறி. பற்சில்லும் கத்தரிக்கோல் போல் விரியும் இரும்புக் கைகளும் கடத்தும் அமைப்பு. மேலெழுந்தும் கீழிறங்கியும் காற்றை மறிக்கும் கண்ணாடியே மூன்றாவது கூறு. ‘எப்பொழுது, எவ்வளவு, எவர் சொல்ல’ என்னும் வினாவுக்கு விடையளிக்கும் தனியுறுப்பு இக்கதவில் இல்லை. அவ்விடை சுழற்றுபவரின் கையிலும் கண்ணிலும் இருந்தது. அதனைக் கையிலிருந்து பிரித்தெடுத்து வேறோரிடத்தில் வைத்தமையே இவ்வுறுப்பின் பிற்கால வரலாறு எனலாம்.

காரின் கதவு குதிரை வண்டிக் கதவின் நேரடி வழித்தோன்றலாகும். பிரபுக்களின் வண்டிக்கதவைத் திறந்து மூடுவது ஏவலாளின் வேலை. ஆரம்பகால ஆடம்பரக் கார்களில் இவ்வழக்கம் அப்படியே தொடர்ந்தது. மின்சாரம் கதவிற்கு முதன்முதல் வந்ததும் இவ்வட்டத்தினுள்ளேயே. 1914இல் டெற்றோயிற் நகரின் ஸ்கிறிப்ஸ்-பூத் நிறுவனம் மின்னாற் பூட்டும் கதவை வழங்கியது, அது பரவவில்லை. 1940இன் பிற்பகுதியில் பக்கார்ட் நிறுவனம் தனது விலையுயர்ந்த 180 வரிசைக் கார்களுக்குப் பொத்தானை அழுத்த ஏறியிறங்கும் யன்னலைக் கொணர்ந்தது. மின்மோட்டர் திரவத்தை அழுத்த, அத்திரவம் கண்ணாடியை உயர்த்திற்று. மறு ஆண்டு லிங்கன் நீள்கார்களிலும் இத்தகைய வசதி வந்தது. இக்கால எல்லையிற் கடிலாக் 75 வரிசைக் காரில் ஒரேயொரு கண்ணாடிக்கு மட்டும் நேரடி மின்மோட்டர் பொருத்தப்பட்டிருந்தமை நமது கவனத்துக்குரியது. அது பக்க யன்னல் அன்று. முன்னே இருந்து வண்டியோட்டும் சாரதிக்கும் பின்னே வீற்றிருக்கும் எசமானுக்கும் இடையே இருந்த தடுப்புக் கண்ணாடி அது. எசமான் தன் உரையாடல் சாரதியின் செவியில் விழாதிருக்க விரும்பும்போது, அதனை மூடுமாறு அவனிடமே கூற வேண்டியிருந்த சங்கடத்தை மின்சாரம் நீக்கிற்று. ஒரு தொழில்நுட்பம் முதலில் எத்தேவைக்குப் பயன்பட்டதென்பதைக் கொண்டு அது பிறந்த சமூகத்தை இனங்காணலாம் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று நமக்குத் தெரியவில்லை.

போருக்குப் பிந்திய செழிப்பில் அமெரிக்க உற்பத்தியாளர் மின்யன்னலை நடுத்தர வர்க்கத்துக்கும் விற்கலாயினர். பூட்டும் பின்தொடர்ந்தது, 1956இற் பக்கார்ட் மின்பூட்டை மீளவும் அறிமுகஞ் செய்தது. ஐரோப்பாவில் மேர்சிடஸ் பென்ஸ் 600 (1963) வேறுவழி சென்றது. அதன் யன்னல், இருக்கை, பின்பெட்டி மூடி யாவும் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு அழுத்தத்திலிருந்த எண்ணெயால் ஓசையின்றி இயங்கின. எண்ணெயின் ஆற்றலை விரல் நுனியால் அளந்து விடலாமாதலின் கண்ணாடி விரும்பிய வேகத்தில் ஏறும். அரசர்களும் பெருமுதலாளிகளும் மட்டுமன்றி யூகோஸ்லாவியாவின் டிட்டோவும் அவ்வண்டியை வைத்திருந்தார் என்பதை இடதுசாரிகளாகிய நாம் மறைக்க வேண்டியதில்லை.

இங்கு சாதாரண மின்கதவின் செயன்முறையைச் சிறிது விளக்குதல் தகும். நேரோட்ட மோட்டரின் இரு முனைகளுள் ஒன்றுக்கு நேர்முனையையும் மற்றதற்கு எதிர்முனையையும் கொடுத்தால் அது ஒரு திசையிற் சுழலும். முனைகளை மாற்றினால் மறுதிசையிற் சுழலும். ஆளியின் வேலை இம்மாற்றத்தைச் செய்வதே. மோட்டருக்குச் செல்லும் மின்னோட்டம் முழுவதும் ஆளியூடாகவே செல்கிறது. பயணியின் யன்னலுக்கான சுற்று பெரும்பாலும் சாரதியின் பிரதான ஆளியூடாகச் சென்று முடிவதால், சாரதி விரும்பினாற் பயணியின் ஆளியைச் செயலிழக்கச் செய்யலாம். அதிகார ஒழுங்கு கம்பியின் வழியிலேயே வெளிப்படையாகக் கிடந்தது. விளக்குக் குமிழும் சிறிது பொறுமையும் உடைய எவரும் அக்கம்பியைத் தொடர்ந்து சென்று கோளாற்றைக் கண்டுபிடிக்க முடிந்தது.

எனினும் கம்பி தன் எல்லையை விரைவில் எட்டிற்று. யன்னல், பூட்டு, பக்கக் கண்ணாடியை நாற்புறமும் அசைக்கும் சிறு மோட்டர்கள், அதன் பனி நீக்கும் சூடேற்றி, காலடி விளக்கு, ஒலிபெருக்கி, கதவு திறந்திருப்பதை உணர்த்தும் ஆளி என ஒவ்வொன்றும் தனித்தனிக் கம்பிகளை வேண்டி நின்றது. இவை அனைத்தும் கதவின் பிணைச்சலருகே, உடலையும் கதவையும் இணைக்கும் ஓர் இறப்பர்க் குழாயினூடாகவே செல்ல வேண்டும். கதவு திறக்குந்தோறும் அவை வளைந்து நிமிர்கின்றன. காலப்போக்கில் உள்ளே முறிகின்றன. செம்புக்கு எடையும் உண்டு, விலையும் உண்டு. பொறியியல் நூல்கள் இலத்திரனியலின் வருகைக்கு இக்காரணங்களையே கூறி அமைகின்றன. அவை மெய்யே. ஆயினும் முழுமையான விளக்கத்திற்கு உழைப்பின் வரலாற்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

கம்பித்தொகுதி என்பது காரின் உறுப்புக்களுள் மிகுந்த கையுழைப்பை வேண்டுவதாகும். உருக்குத் தகட்டைப் பொறி அழுத்தித் தரும்; உடலை ரோபோ ஒட்டித் தரும். துவண்டு விழும் கம்பியைப் பிடித்து, முளைகள் அறைந்த பலகையிற் பாதை தவறாமல் இழுத்து, நாடா சுற்றிக் கட்டுவதற்குப் பொறி இன்றும் தடுமாறுகிறது. ஆகவே மூலதனம் பொறியைத் தேடுவதற்கு முன் மலிவான கையைத் தேடிற்று. ஒகையோ மாநிலத்தின் வொறன் நகரில் 1890இற் பக்கார்ட் சகோதரர் தொடங்கிய பக்கார்ட் எலெக்றிக் நிறுவனம் 1932இல் ஜெனரல் மோட்டர்சின் உடைமையாகி, அதன் கம்பித்தொகுதிகளைத் தயாரித்து வந்தது. மேலே யன்னல் உயர்த்தியோடு தொடர்புபட்டுக் கண்ட அதே பக்கார்ட் சகோதரர்தாம். தொழிற்சங்கம் வேரூன்றிய நகரம் அது. 1965இல் மெக்சிக்கோ தனது எல்லைப்புறக் கைத்தொழிற் திட்டத்தைத் தொடங்கிய பின், 1970களின் இறுதியில் இந்நிறுவனம் எல்லைக்கு அப்பால் ஹுவாரஸ் நகரிற் தொழிற்சாலை அமைத்தது. அங்கு பலகைகளின் முன் நின்றோருட் பெருந்தொகையினர் இளம்பெண்கள். ஜெனரல் மோட்டர்ஸ் தன் உதிரிப்பாகப் பிரிவுகளை டெல்பி என்ற பெயரில் 1999இற் பிரித்துவிட்டது. டெல்பி 2005 ஒக்டோபரில் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடி, அமெரிக்கத் தொழிலாளரின் மணித்தியாலக் கூலியைப் பாதிக்கும் கீழாகக் குறைக்குமாறு கேட்டது. ஐரோப்பிய மூலதனம் இதே தேவைக்காகத் துனீசியாவுக்கும் மொரோக்கோவுக்கும் ருமேனியாவுக்கும் உக்ரேனுக்கும் சென்றது. 2022 பெப்ரவரியில் உக்ரேனிற் போர் மூண்டபோது அங்கிருந்த லியோனி நிறுவனத்தின் இரு தொழிற்சாலைகள் தடைப்பட, ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ. பொருத்து வரிசைகள் வெறுங்கம்பி வராமையால் நின்றன. அதியுயர் தன்னியக்கத்தின் அடியில் ஒரு பெண்ணின் விரல்கள் இருந்தமை அன்றுதான் பலருக்குத் தெரியவந்தது.

கம்பியின் தொகையைக் குறைக்கும் முயற்சி இப்பின்னணியிலேயே பொருள்பெறுகிறது. ஸ்ருட்கார்ட் நகரைச் சார்ந்த போஷ் நிறுவனம் 1983இல் இம்முயற்சியைத் தொடங்கி, 1986 பெப்ரவரியில் டெற்றோயிற்றில் நடைபெற்ற மோட்டார்ப் பொறியியலாளர் மாநாட்டில் ‘கான்’ எனச் சுருக்கமாக வழங்கும் வலையமைப்பை வெளியிட்டது. மறு ஆண்டே இன்ரெல், பிலிப்ஸ் நிறுவனங்கள் அதற்கான சிப்புகளை விற்கத் தொடங்கின. 1991இல் வெளிவந்த மேர்சிடஸ் எஸ் வகுப்புக் கார் இதனைத் தாங்கிய தொடக்ககால வண்டிகளுள் ஒன்று. முறுக்கிய இரு கம்பிகள் மட்டுமே வண்டி முழுதும் ஓடும். எல்லா அலகுகளும் அவற்றில் தொங்கும். ஒவ்வோர் அலகும் தான் கூறவேண்டியதைச் சிறுசிறு செய்தியாக எல்லார் காதிலும் விழக் கூறும். செய்தியின் முகப்பில் அது எப்பொருள் பற்றியது எனக் குறிக்கும் 11 பிட் எண் இருக்கும். உள்ளடக்கம் கூடியது 8 பைட். வேண்டியவர் எடுத்துக்கொள்வர், வேண்டாதவர் விட்டுவிடுவர்.

இரு அலகுகள் ஒரே கணத்தில் வாய் திறந்தால் யாது நிகழும்? இவ்வினாவுக்கு அவ்வமைப்புத் தந்த விடை மிக நுட்பமானது. கம்பியிற் பூச்சியமும் ஒன்றும் மோதும்போது பூச்சியமே நிலைக்கும். ‘ஒன்று’ என அனுப்பிய அலகு, கம்பியிற் பூச்சியம் இருக்கக் கண்டால், தன்னிலும் முக்கியமான செய்தி போகிறதென உணர்ந்து அக்கணமே அடங்கிவிடும். எனவே சிறிய எண் கொண்ட செய்திக்கே முதலிடம். சபையில் மூத்தோர் பேச இளையோர் அடங்குவதை ஒத்த ஒழுங்கு இது. மூப்பை நிர்ணயிப்பவர் உற்பத்தியாளர் என்பதே வேற்றுமை. 1990களின் இறுதியில் ஐரோப்பிய உற்பத்தியாளர் சிலர் கூடி, இதனிலும் மலிவாக ஒற்றைக் கம்பியில், செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 பிட் வேகத்தில் இயங்கும் ‘லின்’ என்ற துணை வலையமைப்பை உருவாக்கினர். கதவினுள்ளிருக்கும் ஆளித்தொகுதி போன்ற சிறு உறுப்புக்களுக்கு அதுவே போதும். பி.எம்.டபிள்யூ. கார் ஒன்றின் நான்கு கதவுகளிலும் கம்பித்தொகுதிக்குப் பதிலாக இத்தகைய வலையமைப்பைப் பொருத்தியதில் 15 கிலோகிராம் எடை குறைந்ததாக 1998இல் மோட்டரோலா நிறுவனம் அறிவித்தது. பதினைந்து கிலோகிராம் என்பதிற் செம்பின் எடையை மட்டுமன்றி அச்செம்பைக் கட்டிய கைகளின் நேரத்தையும் நாம் காண வேண்டும்.

இவ்வலையமைப்பின் கதவுப்புற உறுப்பே கதவுக் கட்டுப்பாட்டு அலகு. கதவின் உட்பலகைக்குப் பின்னால், பல வண்டிகளில் யன்னல் மோட்டரோடு ஒட்டியே, உள்ளங்கையளவு பிளாத்திக்குப் பேழையாக அது இருக்கும். அதனுள் நுண்கணிப்பொறிச் சிப் ஒன்று. வலையமைப்போடு பேசும் சிப் ஒன்று. மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதி. மோட்டரின் திசையை மாற்றுவதற்குப் பாலம்போல் அமைந்த நான்கு குறைகடத்தி ஆளிகள் அல்லது ரிலேக்கள். கார் நிறுத்தப்பட்டதும் இவ்வலகு பற்றரியை வறிதாக்காதிருக்க உறங்கிவிடும். திறப்பின் வானொலிச் சமிக்ஞையோ கைபிடியின் அசைவோ அதனை எழுப்பும். உடலிலிருந்து கதவுக்கு வரவேண்டியவை மின்வழங்கலும் நிலத்தொடுப்பும் செய்திக்கம்பியுமே.

சாரதி தன் கதவிலிருந்து பின்யன்னலை இறக்க ஆளியை அழுத்தும்போது இன்று நிகழ்வது இது. அழுத்திய ஆளியூடாக மோட்டருக்கான மின்னோட்டம் செல்வதில்லை. மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் ஒன்றே செல்கிறது. சாரதிக் கதவின் அலகு அதனை வாசித்து, ‘பின் இடது யன்னல், இறங்குக’ என்னும் பொருள்படும் செய்தியைக் கம்பியில் இடுகிறது. பின்கதவின் அலகு அதனைப் பெற்று, திறப்பு எந்நிலையில் உள்ளது, பிள்ளைக்காப்புப் பூட்டு இடப்பட்டுள்ளதா, மோட்டர் மிகையாகச் சூடேறியுள்ளதா என ஆராய்ந்து, பின்னரே குறைகடத்தி ஆளியைத் திறக்கிறது. பழைய ஆளி கட்டளையிட்டது. புதிய ஆளி விண்ணப்பிக்கிறது. விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா எனத் தீர்மானிக்கும் விதி, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் எவராலோ எழுதப்பட்டுச் சிப்பினுள் உறைந்து கிடக்கிறது. முன்னர் நாம் கண்ட ‘எவர் சொல்ல’ என்னும் வினா இவ்வாறு மனிதரின் கையை விட்டகன்று தனியுறுப்பாயிற்று. ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியான தமது நூலில், சிந்தித்தலையும் செய்தலையும் பிரித்து முன்னையதை நிருவாகத்திடம் குவிப்பதே ஏகபோக மூலதனத்தின் இயல்பு எனத் தொழிற்சாலையை வைத்து நிறுவினார். அப்பிரிவினை தொழிற்சாலை வாயிலைக் கடந்து, பொருளை வாங்கியவரின் அன்றாட வாழ்வினுள்ளும் புகுந்ததை இங்கு காண்கிறோம்.

இக்கூற்றைப் பொறிகளின்மீதான வெறுப்பாகக் கொள்ளலாகாது. விதி எழுதப்படுவதாலேயே தீமை வந்துவிடாது. எவர் நலனுக்காக, எவருடைய அழுத்தத்தால் எழுதப்படுகிறது என்பதே கேள்வி. யன்னல் மோட்டர் குழந்தையின் கழுத்தையும் கண்ணாடியையும் வேறுபடுத்தி அறியாது. அமெரிக்காவில் யன்னலால் நெரிபட்டுப் பல குழந்தைகள் இறந்தனர். இருக்கையருகே முழந்தாளிட்டு வெளியே எட்டிப் பார்க்கும் பிள்ளையின் முழங்காலே ஆளியை அழுத்திவிடுவதுண்டு. பெற்றோரும் பாதுகாப்பு இயக்கத்தினரும் நெடுங்காலம் வற்புறுத்திய பின்னரே, மேல்நோக்கி இழுத்தாலன்றி யன்னலை மூடாத ஆளி வேண்டுமென 2005இற் சட்டம் பிறந்தது. அதற்கான செலவு மிகச் சிறிது. ஐரோப்பிய விதிகளோ, தானாக மூடும் யன்னல், 4 மில்லிமீற்றருக்கும் 200 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட திறப்பில், தடையின்மீது 100 நியூற்றன் விசையை மீறுமுன் திரும்பிவிட வேண்டும் என்கின்றன. கட்டுப்பாட்டு அலகு இதனைச் செய்யும் விதம் அழகியது. மோட்டரின் அச்சில் ஒரு காந்த வளையம்; அருகே அதன் சுழற்சியைத் துடிப்புகளாக எண்ணும் இரு உணரிகள். துடிப்பின் எண்ணிக்கை கண்ணாடி எங்குள்ளது என்பதைக் கூறும். துடிப்புகளிடையே இடைவெளி திடீரென நீண்டால் ஏதோ தடுக்கிறது என்பதைக் கூறும். அலகு உடனே மோட்டரைத் திருப்பும். பற்றரியைக் கழற்றி மாட்டினால் எண்ணிக்கை மறந்துபோகும். ஆதலாற் பல வண்டிகளிற் கண்ணாடியை உச்சிவரை ஏற்றி ஆளியைச் சில செக்கன் பிடித்திருந்து அதற்கு மீளக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. ஏவலாளின் கைக்கிருந்த கவனம் பொறிக்கும் வாய்த்தது எனின், அது உற்பத்தியாளரின் கருணையால் மட்டும் வாய்த்ததன்று.

பூட்டின் கதையில் இத்தகைய ஆறுதல் குறைவு. 1982இற் பிரான்சின் ரெனோல்ட் நிறுவனம் புவேகோ காரில், தூரத்திலிருந்தே கதவைத் திறக்கும் கருவியை வழங்கியது. அதனைக் கண்டுபிடித்த போல் லிப்ஷுற்சின் பெயரையொட்டி ‘பிலிப்’ என்று அது வழங்கலாயிற்று. ஒரே சமிக்ஞையைத் திரும்பத் திரும்ப அனுப்பும் கருவியைத் திருடன் பதிவுசெய்து மீள ஒலிக்கச் செய்யலாம். இதற்கு மாற்றாக, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் சமிக்ஞை மாறிக்கொண்டே செல்லும் உருளும் குறிமுறை வந்தது. அவற்றுட் பரவலான கீலொக் 1980களின் நடுப்பகுதியில், நிறவெறி ஆட்சிக்குட்பட்ட தென்னாபிரிக்காவில், நானோடெக் நிறுவனத்தில் உருவானது. 1995இல் அமெரிக்காவின் மைக்குறோசிப் அதனை ஒரு கோடி டொலருக்கும் மேல் கொடுத்து வாங்கிற்று. குறிமுறையின் இரகசியம் காக்கப்படுவதே பாதுகாப்பு என நம்பப்பட்டது. ஜேர்மனியின் போக்கும் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இல், சிப் உண்ணும் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வை அளந்தே உற்பத்தியாளரின் தாய்த்திறப்பைப் பிரித்தெடுக்கலாமெனக் காட்டினர். அத்தாய்த்திறப்பு ஒருவர் கைப்பட்டால், தொலைவிலிருந்து இரு சமிக்ஞைகளைச் செவிமடுத்தே எவருடைய திறப்பையும் அவர் படியெடுக்கலாம். ஆயிரக்கணக்கான வீடுகளின் பூட்டுகளுக்கு ஒரே அச்சு! 2011இற் சூரிச் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை, சட்டைப்பையிலிருக்கும் திறப்பின் அலையை ஏந்திக் கொண்டுசென்று கதவுக்குக் கொடுத்தாலே அது திறந்துவிடுவதை, எட்டு உற்பத்தியாளரின் பத்துக் கார்களிற் சோதித்துப் பத்திலும் மெய்ப்பித்தது. கான் வலையமைப்பிலே செய்தி கூறுபவர் யார் எனக் கேட்கும் வழக்கமே இல்லையாதலின், கம்பியைத் தொட்டவர் எவரும் பேசலாம். முன்விளக்கின் பின்னுள்ள கம்பியில் ஒட்டி, ‘இது சரியான திறப்பு’ எனப் பொய் கூறிக் கதவைத் திறக்கும் திருட்டுக் கருவிகள் 2023இல் அம்பலமாயின. திருடர்கள் கற்றுக்கொண்டார்கள். கற்பதற்குத் தடைவிதிக்கப்பட்டவர் வேறொருவர்.

அவர் திருத்தகத்தின் தொழிலாளி. பழைய கதவைத் திருத்தியவர் தம் அறிவைக் கைக்குள் வைத்திருந்தார். இன்று பழுதடைந்த அலகினை மாற்றினால், புதிய அலகு அவ்வண்டிக்குரியதெனப் பதியப்படும் வரை பல வண்டிகளில் இயங்காது. பதிவுசெய்யும் கருவியும் கடவுச்சொல்லும் உற்பத்தியாளரிடமும் அவர்தம் முகவரிடமும் உள்ளன. இலங்கை வாசகர் இதனை அனுபவத்தில் அறிவர். 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், யப்பானிற் பாவித்து முடித்து இங்கு வந்தேறிய கார்களின் கதவுகளைத் திறந்து மூட வைத்தவர் திருத்தகத் தொழிலாளரே. பிணைச்சலருகே இறப்பர்க் குழாயை இழுத்து முறிந்த கம்பியைக் கண்டு ஒட்டுவோரை நாம் பார்த்திருக்கிறோம். கம்பி முறிந்தால் அவரால் முடியும். விதி மறுத்தால் அவரால் முடியாது.

இம்முரண்பாடு வெளிப்படையான அரசியற் போராட்டமாக உருவெடுத்த இடம் அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் மாநிலமாகும். சுதந்திரமான திருத்தகங்களுக்கும் முகவருக்குக் கிடைக்கும் அதே தகவல் கிடைக்க வேண்டுமென 2012இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. 2014இல் உற்பத்தியாளர் நாடு முழுமைக்கும் பொருந்தும் உடன்படிக்கைக்கு இணங்கினர். ஆனால் கம்பியில்லா வழியிற் காரிலிருந்து நேராகத் தம்மிடம் வந்துசேரும் தகவலை அவர்கள் அதற்குள் அடக்கவில்லை. 2020 நவம்பரில் இதனையும் உள்ளடக்கும் பிரேரணை மக்கள் வாக்குக்கு வந்தது. பெண்களைப் பின்தொடர்ந்து தீங்கிழைப்போரின் கையிற் தகவல் சேருமென அச்சமூட்டும் விளம்பரங்களைத் தொலைக்காட்சியில் உற்பத்தியாளர் தரப்பு வாரி இறைத்தது. நாற்பதாண்டுகளாகத் தம் பூட்டுக்களை உறுதிப்படுத்த இயலாதவர்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேசியமை வரலாற்றின் நகைச்சுவைகளுள் ஒன்று. வாக்களித்தோரில் ஏறத்தாழ முக்காற்பங்கினர் பிரேரணையை ஆதரித்தனர். உற்பத்தியாளர் உடனே நீதிமன்றம் சென்று ஆண்டுக்கணக்கில் அதனை இழுத்தடித்தனர்.

திருத்தும் உரிமையின் அடியில் உடைமை பற்றிய வினா ஒன்று உள்ளது. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ என்னும் சிறுகதையை இங்கு நினைவுகூராதிருக்க முடியவில்லை. வீட்டுக் கதவைப் பேருந்தாகப் பாவித்து விளையாடும் வறிய குழந்தைகளிடமிருந்து, தீர்வைப் பாக்கிக்காக அக்கதவே கழற்றிச் செல்லப்படுகிறது. அதற்குத் தலையாரியும் ஆட்களும் வீட்டு வாயிலுக்கு வரவேண்டியிருந்தது. ஊர் பார்த்திருக்கத் தூக்க வேண்டியிருந்தது. 2021இற் போர்ட் நிறுவனம் தாக்கல்செய்து 2023 பெப்ரவரியில் வெளியான காப்புரிமை விண்ணப்பம் ஒன்று, தவணைப்பணம் செலுத்தத் தவறியவரின் காரில் வசதிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஈற்றிற் கதவை அவருக்கே பூட்டிவிடும் முறையை விவரித்தது. அதனை நடைமுறைப்படுத்தும் திட்டமில்லை என நிறுவனம் கூறியது. நாம் அக்கூற்றை ஏற்கலாம். நமக்கு முக்கியமானது வேறு: அம்முறைக்குப் புதிய உறுப்பு எதுவும் காரிற் தேவைப்படவில்லை. கதவு அலகு ஏற்கெனவே அங்கிருக்கிறது. விண்ணப்பங்களை ஏற்கவும் மறுக்கவும் அதற்குத் தெரியும். மறுப்பதற்கு இன்னொரு காரணத்தை எழுதிச் சேர்த்தாற் போதும். தலையாரியின் வருகை தேவையற்றதாகிறது. ஊர் பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை.

சிப் என்பதும் எங்கோ எவரோ செய்யும் பண்டமே. பெருந்தொற்றுக் காலத்திற் குறைகடத்திப் பஞ்சம் முற்றியபோது, 2022 ஒக்டோபரில் ரொயோட்டா நிறுவனம் யப்பானிற் புதிய கார் வாங்கியோருக்கு இரு இலத்திரனியற் திறப்புகளுக்குப் பதிலாக ஒன்றையே கொடுத்து, மற்றதற்கு வெட்டிய உலோகத் திறப்பை வழங்கிற்று. அவ்வுலோகத் திறப்பு புகுவதற்குக் கதவிலே ஒரு துவாரம் எஞ்சியிருந்தமையால் இது சாத்தியமாயிற்று. எல்லா வண்டிகளிலும் அவ்வாறு எஞ்சவில்லை. சில புதிய கார்களின் வெளிக்கைபிடிக்கும் கதவுக் கொண்டிக்கும் இடையே இழுகம்பி எதுவும் இல்லை. கைபிடி விண்ணப்பிக்க மின்மோட்டர் கொண்டியை விடுவிக்கும். 2025 செப்ரெம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகம், 2021ஆம் ஆண்டைய டெஸ்லா வை மாதிரிக் கார்கள் ஏறத்தாழ 174,000 தொடர்பாக விசாரணை தொடங்கியது. சிறு பற்றரியின் அழுத்தம் குறைந்ததும் வெளிக்கைபிடி செயலற்றுப் போக, உள்ளே இருந்த குழந்தைகளை எட்ட முடியாது பெற்றோர் தவித்தனர் என்பது முறைப்பாடு. சிலர் கண்ணாடியை உடைத்தே உட்புகுந்தனர். கையாற் கதவைத் திறக்கும் நெம்பு அவ்வண்டியின் உள்ளே உண்டு. இருக்கையிற் பட்டியிட்டுக் கட்டப்பட்ட குழந்தை அதனை எட்டாது.